கேடயத்தின் வலப்புறம்

முதலில் சிங்கம் கேட்டார் வெர்னன் ஓடெகார்ட்.
பின்னங்காலில் நிமிர்ந்து
முன்கையில் கோடரி ஏந்திய பொன் சிங்கம்.
அது அரசருடையது என்றேன்.
சரி, கப்பல். நாகத்தலை வைத்த கப்பல்.
கோடைவிழாவில் பீர்க்குவளை ஒவ்வொன்றிலும்
அதுதானே மிதக்கிறது என்றேன்.
கோபம்தான் அவருக்கு.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
அதிலிருந்த பனி
என் வரைதாளில் சொட்டிக்கொண்டே இருந்தது.

டுலூத்துக்கு வடக்கே முப்பத்தொரு குளிர்காலம்
சாலைப்பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
ஊர் எழுமுன் ஊருக்கு வழி போட்டவர்.
இப்போது ஓய்வு, ஒரு முழங்கால் இரும்பு,
சுவரில் மாட்ட ஒரு வம்சம் வேண்டும்.

என் தொழிலில் விதிகள் உண்டு, சொன்னேன்.
பொன்மேல் வெள்ளி ஆகாது.
நீலத்தின்மேல் கறுப்பு ஆகாது.
தொலைவில் குதிரையில் வருகிறவனுக்கு
அடிக்க வேண்டியவன் நீயா இல்லையா என்று
தெளிவாகத் தெரிய வேண்டும்.
இன்னொன்றில் எல்லாரும் தடுமாறுவார்கள்:
கேடயத்தின் வலம் உங்களுக்கு இடம்.
பார்க்கிறவர் கணக்கு அங்கே செல்லாது.
பின்னால் குனிந்து நிற்கிறானே,
அவன் கையிலிருந்து எண்ண வேண்டும் திசையை.

உங்கள் வீட்டில் பின்னால் நின்றது யார்?

அடுத்த வாரம் ஒரு காப்பி டப்பாவோடு வந்தார்.
உள்ளே ஆவணக்காப்பகம் அனுப்பிய நகல்,
நான்காய் மடித்து, மடிப்பில் மங்கி.

ஓடெகார்ட் என்றால்
கொள்ளைநோயில் ஆள் ஒழிந்த பண்ணை.
அந்தப் பாழ்கூட அவர்களுடையது அல்ல.
ஹால்க்ரிம் என்ற ஒருவன்
அதன் ஓரத்துக் கற்களுக்கு நடுவே
குடிசை போட்டு, வாடகையைக் கூலியால் கழித்தவன்.
போகும்போது பண்ணையின் பெயரை
எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
சுங்கத்தில் யாரும் திறந்து பார்க்காத ஒரே மூட்டை.

தாள் கடன்பத்திரம்.
ஒன்றரைப் பீப்பாய் வாற்கோதுமை, அறுவடையில் திருப்புவேன்.
கீழே கையெழுத்து இல்லை.
ஒரு நெடுங்கோடு.
அதிலிருந்து சாய்ந்து இரண்டு கிளைகள்.
அடியில் தூண்டில்போல ஒரு வளைவு.

மந்திர எழுத்தா? கண்கள் விரியக் கேட்டார்.
இல்லை, வெர்னன்.
ஆட்டின் காதில் வெட்டுவது இது.
துடுப்பின் பிடியில் கீறுவது.
இரண்டு வீட்டு வலைகள் சிக்கிக்கொண்டால்
சண்டை தீர்ப்பது.
எழுதத் தெரியாதவன் எழுதியது.
நான் வரைய எதுவுமில்லை,
உங்களுக்கு முன்பே சின்னம் இருந்திருக்கிறது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம், கடனை அடைத்தானா என்றார்.

பத்திரம் ஏப்ரலில்.
கப்பலின் பயணிகள் பட்டியல் மே இறுதியில்.
அறுவடை எந்த மாதம் என்று
அவருக்கா சொல்ல வேண்டும்.
சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.
கோதுமைதானா விதைக்கு, இல்லை
பயணத்தில் தின்றார்களா என்றார்.
அது தாளில் இல்லை.

நீலக் களம், வெள்ளிக் குறி. அவ்வளவே.
உச்சியில் பனிவண்டியின் அலகு வேண்டும் என்று
அடம்பிடித்தார், வைத்துவிட்டேன்,
சின்னதாக, அழகாகத்தான் இருந்தது.
குறிக்கோள் வாசகம் வேண்டாம் என்றார்.
ஏழு வகையில் எழுதிப் பார்த்தேன்,
எல்லாமே பொய்போல இருக்கிறது.

பூர்ச்சமரத்தில் வார்னிஷ் காய்ந்த அன்று
வந்து கையில் வாங்கினார்.
நேராகப் பார்க்கவே இல்லை.
பின்புறம் இடக்கையை நுழைத்து
மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடித்தார்,
இரும்பு முழங்கால் சற்று மடங்க.
அங்கிருந்து பார்த்தால்
வெறும் மரம், என் பென்சில் அளவுகள், ஒரு முடிச்சு.

என் காதிலிருந்து பென்சிலை உருவி
அந்த முடிச்சின் அருகே
பனிவண்டிப் பதிவேட்டில் எழுதும் கையெழுத்தில்
மெதுவாக எழுதினார்:
வாற்கோதுமை, ஒன்றரைப் பீப்பாய்.
தேதி போடவில்லை.